சோலார் வீட்டில் ஜெனரேட்டர்: எந்த முனையில் கோர்ப்பது?

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிக்கொண்டால் வேலூர்ப் பக்கம் சில சமயம் மூன்று, நான்கு நாள் வெயிலே எட்டிப் பார்க்காது. அணைக்கட்டு, ஒடுகத்தூர் தாண்டி ஜவ்வாது மலையடிவாரத்திலும், மேலே பீஞ்சமந்தை மாதிரி மலை ஊர்களிலும், குடியாத்தம், பேரணாம்பட்டு தோப்பு வீடுகளிலும் ஈபி இணைப்பு இல்லாமல் சோலாரை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு இதுதான் சோதனைக் காலம். கோடையில் மதியத்துக்குள் நிரம்பிய பேட்டரி, அடைமழை நாளில் மாலை வரை காத்திருந்தாலும் பாதியைத் தாண்டாது. ராத்திரி பத்து மணிக்கே இன்வர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடும்.

அப்போது எல்லோருக்கும் தோன்றுவது ஜெனரேட்டர். புதிதாக வாங்கலாம், பந்தலும் சீரியல் லைட்டும் போடுபவர்களிடம் வாடகைக்கும் எடுக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் உண்மையான கேள்வி வருகிறது. இதிலிருந்து வரும் வயரை எங்கே கோர்ப்பது? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டரை இன்வர்ட்டருக்கு முன்னால், அதன் ஏசி இன்புட்டில்தான் கொடுக்க வேண்டும். இன்வர்ட்டருக்குப் பின்னால், வீட்டுக்குக் கரண்ட் போகும் அவுட்புட் பக்கத்தில் எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. ஏன் என்று புரிந்துகொண்டால் மீதி விஷயங்கள் தானாகப் பிடிபடும்.

இன்வர்ட்டர் என்ன செய்கிறது? பேட்டரியில் இருக்கும் நேர்மின்சாரத்தை (டிசி) 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரமாக (ஏசி) மாற்றித் தருகிறது. 50 ஹெர்ட்ஸ் என்றால் மின்னழுத்தம் ஒரு வினாடிக்கு 50 முறை மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறுகிறது. 230 என்பது ஒருவகைச் சராசரிதான். உச்சத்தில் அது சுமார் 325 வோல்ட் வரை போகும், அடுத்த நொடித்துளியில் எதிர்ப்பக்கம் அதே 325 வரை இறங்கும். ஜெனரேட்டரும் இதையேதான் செய்கிறது. ஆனால் இன்வர்ட்டர் எந்தக் கணத்தில் மேலே இருக்கிறது, எந்தக் கணத்தில் கீழே இருக்கிறது என்பது ஜெனரேட்டருக்குத் தெரியாது. ஒரே உரலில் இரண்டு பேர் உலக்கை போடும்போது ஒருவர் கை ஏறுவதைப் பார்த்து இன்னொருவர் இறக்குவார். இங்கே இருவருமே கண்ணை மூடிக்கொண்டு குத்துகிறார்கள். ஒன்று உச்சத்தில் இருக்கும்போது இன்னொன்று அடியில் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் 650 வோல்ட் வரை வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தைத் தடுக்க நடுவில் இருப்பது கொஞ்சம் செம்பு வயர்தான். பாயும் மின்னோட்டத்தில் முதலில் போவது இன்வர்ட்டருக்குள் கரண்ட்டை மாற்றித் தரும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சுகள். சில சமயம் ஜெனரேட்டரின் வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆரும் சேர்ந்து போகும்.

"இன்வர்ட்டரை ஆஃப் செய்துவிட்டு ஜெனரேட்டரைப் போட்டால் போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. ஆஃப் செய்ய மறந்த ஒரு ராத்திரி போதும் அத்தனையும் கருக. வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் எல்லா நேரமும் ஞாபகம் இருக்கும் என்பதை நம்பி வயரிங் செய்யக் கூடாது. அதோடு சில இன்வர்ட்டர்களின் முன்பக்க சுவிட்ச் அவுட்புட்டை முழுசாகத் துண்டிப்பதும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய வயரைத் தயார் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரில் இருக்கும் 15 ஆம்ப் சாக்கெட்டிலும் சொருகுகிறார்கள். ஒரு பக்கம் கழன்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைப் பின்களில் 230 வோல்ட் இருக்கும். குழந்தை தொட்டாலும் மாடு மிதித்தாலும் முடிந்தது. ஈபி லைனும் உள்ள வீடாக இருந்தால் ஆபத்து தெருவுக்கும் போகிறது. மெயின் சுவிட்சை இறக்காமல் விட்டால் அந்தக் கரண்ட் தலைகீழாக டிரான்ஸ்பார்மருக்குப் போய், அங்கே சில ஆயிரம் வோல்ட்டாக உயரும். பெரும்பாலும் பக்கத்து வீடுகளின் லோடு தாங்காமல் ஜெனரேட்டர் நின்றுவிடும். ஆனால் புயலில் லைன் அறுந்து உங்கள் வீடு தனியாக மாட்டிக்கொண்டிருந்தால் நிற்காது. லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியர் கையில்தான் அது போய்ச் சேரும். அந்த வயர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள்.

சரியான இணைப்பு

ஈபியை நம்பாமல் பேட்டரியில் ஓடும் பெரிய ஆஃப்கிரிட் இன்வர்ட்டர்களில் ஏசி இன்புட், ஏசி அவுட்புட் என்று இரண்டு தனித்தனி இணைப்புகள் இருக்கும். சிறிய வீட்டு இன்வர்ட்டரில் சுவரில் சொருகும் பிளக்தான் இன்புட். ஜெனரேட்டரிலிருந்து வரும் வயர் ஒரு எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) வழியாக அந்த இன்புட்டுக்குப் போகட்டும். அவ்வளவுதான். வீட்டு வயரிங் முழுக்க அவுட்புட்டில் மட்டும் இருக்கும்.

ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் இன்வர்ட்டர் உடனே அதை ஏற்றுக்கொள்ளாது. வரும் வோல்டேஜ் சரியா, ஹெர்ட்ஸ் சரியா என்று சில வினாடிகள் பார்க்கும். நல்ல இன்வர்ட்டர்கள் தங்கள் அலையை ஜெனரேட்டரின் அலையோடு ஒட்டி வரும்படி நகர்த்தி, இரண்டும் சேர்ந்ததும் உள்ளே இருக்கும் ரிலேயை மூடும். அதிலிருந்து வீட்டு லோடு ஜெனரேட்டரில் ஓடும், இன்வர்ட்டர் சார்ஜராக மாறிப் பேட்டரியை ஏற்றும். ஜெனரேட்டரை நிறுத்தினால் கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபடி பேட்டரிக்கு மாறிவிடும். இரண்டு மூலங்களைச் சேர்க்கும் நுணுக்கமான வேலையை அதற்கென்று செய்த கருவியிடம் விட்டுவிடுகிறோம்.

ஈபியும் ஜெனரேட்டரும் இரண்டுமே இருக்கும் வீட்டில், இன்புட்டுக்கு முன்னால் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும். மேலே ஈபி, நடுவில் பூஜ்யம், கீழே ஜெனரேட்டர் என்று மூன்று நிலை உள்ளது. ஒன்றை விட்டு நடுவுக்கு வந்துதான் மற்றதற்குப் போக முடியும், இரண்டும் ஒரே நேரத்தில் சேர வழியே கிடையாது. சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் இரண்டு போல் சுவிட்ச் வாங்குங்கள். ஃபேஸை மட்டும் மாற்றும் சுவிட்சில் நியூட்ரல் வழியாக இரண்டும் சேர்ந்தே இருக்கும். மூன்று ஃபேஸ் என்றால் நான்கு போல்.

இன்னொரு வழியும் உண்டு. சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். உங்கள் பேட்டரிக்குப் பொருந்தும் தனி பேட்டரி சார்ஜர் ஒன்று வாங்கி, ஜெனரேட்டரில் அதை மட்டும் சொருகுங்கள். சார்ஜரின் டிசி முனை ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்குப் போகட்டும். வீட்டின் ஏசி வயரிங்கும் ஜெனரேட்டரும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. வோல்டேஜ் குதித்தாலும், அலை கோணலாக இருந்தாலும் டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் அது தெரியாது. வீடு எப்போதும்போல இன்வர்ட்டரில் ஓடும். சோலாரிலிருந்து வரும் கொஞ்ச நஞ்சமும் அதே பேட்டரிக்கு வரும், டிசி பக்கத்தில் அதனால் சண்டை இல்லை.

மாடியில் ஆன்கிரிட் சோலார் இருந்தால்

2024-ல் வந்த பிரதமர் சூர்யகர் திட்டத்துக்குப் பிறகு காட்பாடி, சத்துவாச்சாரி மாடிகளில் பேட்டரி இல்லாத ஆன்கிரிட் சோலார் நிறைய வந்திருக்கிறது. அது வேறு சாதி இன்வர்ட்டர். ஈபி லைனில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும், போனால் தானும் நின்றுவிடும். ஜெனரேட்டர் ஓடும் அதே வயரில் இதுவும் இருந்தால், ஜெனரேட்டரையே ஈபி என்று நினைத்து மிச்சக் கரண்ட்டை அதற்குள் தள்ளப் பார்க்கும். மின்வாரியத்தின் லைன் மிச்சத்தை வாங்கிக்கொள்ளும், ஜெனரேட்டரால் முடியாது. வோல்டேஜ் எகிறி, வீட்டுச் சாமான்கள் கெட்டுப்போகும். ஆகவே ஆன்கிரிட் இன்வர்ட்டர் சேஞ்ச்ஓவருக்கு முன்னால், ஈபி பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும். பேட்டரி, ஈபி இரண்டோடும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதன் கிரிட் முனையில் ஜெனரேட்டரைக் கொடுப்பதற்கு முன், வெளியே கரண்ட் அனுப்பும் வசதி அணைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது ஜெனரேட்டருக்கென்று தனி முனை இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிட வேண்டும்.

நியூட்ரலும் எர்த்தும்

எனக்கு அதிகம் கவலை தருவது இந்தப் பகுதிதான். மற்றவற்றில் தப்பு செய்தால் புகை வந்து காட்டிக்கொடுக்கும். இதில் தப்பு செய்தால் எல்லாம் சரியாக ஓடுவது போலவே இருக்கும், ஒருவருக்கு ஷாக் அடிக்கும் நாள் வரை.

வீட்டில் இருக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) எப்படி உயிரைக் காப்பாற்றுகிறது? ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஈரக் கையோடு ஒருவர் பழுதான மோட்டாரைத் தொட்டால், கொஞ்சம் அவர் உடல் வழியாக மண்ணுக்குப் போகும், திரும்புவது குறையும், ஆர்சிசிபி விழும். ஆனால் மண்ணுக்குப் போன மின்னோட்டம் கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வர வழி இருந்தால்தான் இது நடக்கும். ஈபியில் அந்த வழியை மின்வாரியமே டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலை எர்த் செய்து அமைத்திருக்கிறது. ஈபி இல்லாத தோப்பு வீட்டில் டிரான்ஸ்பார்மர் ஏது? இன்வர்ட்டர் அவுட்புட்டில் நியூட்ரலை எர்த்தோடு ஓரிடத்தில் இணைத்திருந்தால்தான் ஆர்சிசிபிக்கு உயிர். சிறிய ஜெனரேட்டர்களும் பெரும்பாலும் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்காமல், மிதந்தபடியேதான் வருகின்றன.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்து "விழுகிறது, சரியாக இருக்கிறது" என்று திருப்தி அடைகிறோம். அந்தப் பட்டன் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாக ஃபேஸையும் நியூட்ரலையும் இணைத்துச் சோதிக்கிறது. எர்த்தே இல்லாவிட்டாலும் அது விழும். கருவி வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி, உங்கள் இணைப்பு சரி என்பதற்கு இல்லை.

நியூட்ரலும் எர்த்தும் எந்த நேரத்திலும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சேர்ந்திருக்க வேண்டும். இன்வர்ட்டரிலும் ஜெனரேட்டரிலும் ஒரே நேரத்தில் சேர்த்துவிட்டால் நியூட்ரலில் திரும்ப வேண்டியதில் ஒரு பங்கு எர்த் வயர் வழியாகத் திரும்பும், ஆர்சிசிபி காரணமில்லாமல் விழும். உடனே யாராவது "இது தொல்லை" என்று ஆர்சிசிபியைக் கழற்றி நேராகக் கொடுத்துவிடுவார், அதுதான் பெரிய ஆபத்து. சில நல்ல இன்வர்ட்டர்களில் இதற்கென்றே ஒரு ரிலே உண்டு. பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கும், இன்புட்டில் கரண்ட் வந்ததும் பிரிக்கும். அப்படிப்பட்ட இன்வர்ட்டர் என்றால் ஜெனரேட்டரில் தனியாக அந்த இணைப்பு இருக்க வேண்டும். சில மாடல்களில் இன்புட் நியூட்ரலும் அவுட்புட் நியூட்ரலும் உள்ளே ஒன்றாகவே இருக்கும், அவற்றுக்கு முறை வேறு. ஈபி வரும் வீட்டிலோ ஈபி நியூட்ரலை நம் எர்த்தோடு நாமாகச் சேர்ப்பதே கூடாது. எனவே இந்த இணைப்பை நீங்களாகச் செய்யாதீர்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, கையேட்டைக் கையில் கொடுத்து, "பேட்டரியில் ஓடும்போது நியூட்ரல் எங்கே எர்த் ஆகிறது, ஜெனரேட்டரில் ஓடும்போது எங்கே?" என்று கேளுங்கள். அவர் இரண்டு நிலையிலும் அளந்து காட்ட வேண்டும். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

எர்த் குழியும் முக்கியம். வேலூர் மலைப்பாங்கான, பாறை நிறைந்த பூமி. கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கியிருந்தாலும் கோடையில் மண் காய்ந்துவிட்டால் எர்த் பலவீனமாகும். கத்திரி வெயில் காலத்தில் குழியில் தண்ணீர் ஊற்றுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிய ஜெனரேட்டர்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 150 ஏஹெச் டியூப்லர் பேட்டரி நான்கு, 48 வோல்ட் அமைப்பு. டியூப்லர் பேட்டரிக்கு அதன் ஏஹெச் அளவில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் சார்ஜ் ஏற்றுவது வழக்கம், அதாவது 15 ஆம்ப். ஏறும்போது வோல்டேஜ் 54 பக்கம் இருக்கும். 15 × 54 = 810 வாட். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் ஜெனரேட்டர் தர வேண்டியது சுமார் 950 வாட். ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், டிவிக்கு 400 வாட் என்று வையுங்கள். மொத்தம் 1,350 வாட். ஆனால் மலிவான சார்ஜர்களின் பவர் ஃபேக்டர் (இழுக்கும் விஏ-வில் உண்மையில் வாட்டாகப் பயன்படும் பங்கு) 0.7 அளவில்தான் இருக்கும், அந்த 950 வாட்டுக்கு ஜெனரேட்டரிடம் 1,350 விஏ இழுக்கும். வீட்டு லோடும் சேர 1,750 விஏ. 2.5 கேவிஏ ஜெனரேட்டர் இதைச் சிரமமில்லாமல் இழுக்கும். பெயர்ப்பலகையில் "மேக்சிமம்" என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள், "ரேட்டட்" என்பதைப் பாருங்கள். 40 டிகிரி வெயிலில் எஞ்சினின் பலம் அதிலும் கொஞ்சம் குறையும்.

இப்போது இதே வீட்டில் இன்வர்ட்டரின் சார்ஜ் கரண்ட் கம்பெனியிலிருந்து வந்தபடி 60 ஆம்ப்பிலேயே இருக்கிறது என்று நினையுங்கள். 60 × 54 = 3,240 வாட், இழப்போடு 3,800. ஜெனரேட்டர் திணறும், வோல்டேஜ் விழும், இன்வர்ட்டர் "இது சரியில்லை" என்று விலகும், பாரம் இறங்கியதும் ஜெனரேட்டர் தேறிவிடும், இன்வர்ட்டர் மறுபடி பிடிக்கும். டக், டக் என்று ரிலே அடித்துக்கொண்டே இருக்கும். "ஜெனரேட்டர் கெட்டுவிட்டது" என்று மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் செட்டிங்கில் சார்ஜ் கரண்ட்டைக் குறைத்துப் பாருங்கள். அந்த 60 ஆம்ப் டியூப்லர் பேட்டரியையும் கொதிக்க வைத்துத் தண்ணீரை வற்ற அடிக்கும்.

லித்தியம் பேட்டரி என்றால் கணக்கு மாறுகிறது. 51.2 வோல்ட், 100 ஏஹெச் பேட்டரியைப் பெரும்பாலும் 50 ஆம்ப்பில் ஏற்றலாம். ஜெனரேட்டரிடம் கேட்பது 3,000 வாட், ஆனால் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஜெனரேட்டர் நல்ல லோடில் கொஞ்ச நேரம் ஓடுவதுதான் எரிபொருளுக்கும் எஞ்சினுக்கும் நல்லது. டீசல் எஞ்சினை அதன் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே மணிக்கணக்காக ஓட்டினால் கரி படியும். டியூப்லரில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறுவது மெதுவாகிவிடும், அந்தக் கடைசிப் பகுதிக்கு பெட்ரோல் எரிப்பது வீண். காலையிலேயே ஜெனரேட்டரைப் போட்டு 80 வரை ஏற்றிவிட்டு நிறுத்துங்கள், மேகத்துக்கு நடுவே வரும் வெளிச்சம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

போர்வெல் மோட்டாரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1 ஹெச்பி மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டம் கேட்கும். சார்ஜ் முடிந்த பிறகு தண்ணீர் இறைக்கலாம்.

ஜெனரேட்டர் சரியாக ஓடியும் இன்வர்ட்டர் ஏற்கவில்லை என்றால் பெரும்பாலும் ஹெர்ட்ஸ்தான் காரணம். சிறிய ஜெனரேட்டர்கள் லோடில்லாமல் 52, 53 ஹெர்ட்ஸில் ஓடும், லோடு ஏறினால் 50-க்கு வரும். இன்வர்ட்டரில் யுபிஎஸ் மோடு இருந்தால் அது கறாராக இருக்கும். நார்மல் அல்லது வைடு மோடுக்கு மாற்றினால் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அப்போது ஜெனரேட்டரின் ஏற்ற இறக்கம் வீட்டுச் சாமான்களுக்கும் போகும் என்பதை நினைவில் வையுங்கள். மெக்கானிக்கை வைத்து எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைச் சரிசெய்வது இதைவிட நல்லது.

புகை

மழை பெய்யும்போது ஜெனரேட்டரைத் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ ஏற்றி வைக்கத் தோன்றும். கூடாது. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை, தலை வலிக்கிறது, தூக்கம் வருகிறது என்று படுத்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, நான்கு பக்கமும் திறந்த சின்னக் கூரை போட்டு, மேடையில் வையுங்கள். புகைக்குழாய் வீட்டைப் பார்க்கக் கூடாது. எஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்ற வேண்டாம். டியூப்லர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவிடும், அதனால் பேட்டரி அறைக்குக் காற்றோட்டம் வேண்டும், பெட்ரோல் கேனை அங்கே வைக்கக் கூடாது.

ஓட்டும் முறை சுலபம். இன்புட் எம்சிபியை இறக்கி வைத்து ஜெனரேட்டரைக் கிளப்புங்கள். இரண்டு, மூன்று நிமிடம் சூடேறி ஓட்டம் சீரானதும் எம்சிபியை ஏற்றுங்கள். நிறுத்தும்போது முதலில் எம்சிபியை இறக்கி, சில நிமிடம் லோடில்லாமல் ஓடவிட்டு அப்புறம் அணையுங்கள். வெயில் காலத்தில் தேவைப்படாவிட்டாலும் மாதம் ஒருமுறை இதே முறையில் கொஞ்ச நேரம் லோடு கொடுத்து ஓட்டுங்கள். மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசின் கட்டி கார்புரேட்டரை அடைக்கும், ஐப்பசி மழையில் கயிற்றை இழுத்தால் கிளம்பாது.